நாற்பத்தெட்டில் டெய்லர்

வேலம்பாளையம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். முன்பெல்லாம் இந்த பஸ்ஸில் ஆட்டுக்குட்டிகூட ஏறும். இப்போது எல்லாம் பனியன் கம்பெனி ஆட்கள்தான். ஜன்னலோரம் இருந்தவள் திடீரென்று சத்தமாகச் சொன்னாள்.

"அக்கா, நாப்பத்தெட்டு வயசுல நான் டெய்லராயிட்டனுங்க!"

பக்கத்தில் இருந்த மூத்தவள் சிரித்தாள். "பெருமைதான் போ. உன் வயசுக்காரி சரசு, உங்கூடக் கைமடிக்கச் சேர்ந்தவ, கம்பெனியே வெச்சுட்டா."

கைமடிப்பது என்றால் டெய்லருக்குத் துணியை மடித்துக் கொடுப்பது. என் மனைவியும் பல வருஷம் அதைத்தான் செய்தாள்.

"அவ கம்பெனிலதானுங்க டிரையல் குடுத்தேன். நான் தெச்ச சட்டைக் கையை அவளே இழுத்து இழுத்துப் பாத்தா. ஒரு தையல்கூடப் பிரியலீங்க!"

"கூச்சமா இல்லியா புள்ள? அவ மொதலாளி, நீ இப்பத்தான் டெய்லரு."

"அட போங்கக்கா! அவளுக்கும் ஆசை வந்து, 'தள்ளு, நானும் ஒண்ணு அடிக்கறேன்'னு உக்காந்தா. சட்டைக் கையை உள்பக்கம் வெளியே வெச்சு அடிச்சுட்டா! நாந்தான் பிரிச்சுக் குடுத்தேன். நாங்க சிரிச்ச சிரிப்புல சூப்பர்வைசரே ஓடி வந்துட்டாரு. இதா, நான் தெச்ச பீஸு."

பையிலிருந்து எடுத்து நீட்டினாள். நான் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. மூத்தவள் அதை வாங்கித் தையலைப் பலமாக இழுத்தாள். பிரியவில்லை. மறுபடியும் இழுத்தாள்.

"ஏம்புள்ள, அங்க இன்னொரு மிஷின் காலியா இருக்குதா? நானும் எத்தன நாளைக்குக் கைமடிச்சுட்டே இருக்கறது? அம்பத்திரண்டுதான ஆகுது எனக்கு."