மாலையளவு தடிப்பு

சுன்னாகத்தில் நான் ஏறிய பஸ் ஒரு குழியில் விழுந்தெழும்பியது. முன் சீற்றில், வெங்காயம் விற்றுத் திரும்பிய பெண் பக்கத்திலிருந்த குடைக்காரரிடம் சொன்னார்:

“திறப்பு விழாவிலை மந்திரிக்குப் போட்ட மாலையின்ரை தடிப்புக்கூட இந்தக் காப்பெற் தார் றோட்டுக்கு இல்லை, அண்ணை.”

“மிச்சத் தார் எங்கை போனது?”

“மந்திரியின்ரை ஆக்களின்ரை வீட்டு முத்தத்துக்கு. இந்தக் குழியளாலை லொறி வராமல் எங்கடை மிச்ச வெங்காயம் தோட்டத்திலையே அழுகுது.”

“றோட்டைத் திரும்பவும் போடப் போகினமாமே?”

“ஓம், போடட்டும். இந்தமுறை நானும் குழி தோண்டுற அலவாங்கோடை போவன்.”

“அடிக்கவோ?”

“சீச்சீ! மந்திரி நாடா வெட்ட முன்னம் றோட்டிலை ஒரு குத்துக் குத்திப் பாப்பன். உடனை மண் தெரிஞ்சால் கத்தரிக்கோலைப் பறிச்சு வைச்சிடுவன்.”

குடைக்காரர் அவர் பக்கம் திரும்பினார்.

“விழா எண்டைக்குத் தங்கச்சி? என்னட்டையும் ஒரு அலவாங்கு கிடக்கு.”