நாற்பத்து மூன்று ஆண்டு காத்திருந்த ஸ்டைவர்

மாஸ் ஆற்றங்கரையின் மாண்பே! பற்றவைப்புப் பட்டறையின் பற்றுமிகு தலைவியே! துருவோடு பொருதும் துவளாத் தோளுடைய நீல்ச்சே ஹோக்வெர்ஃப் அம்மையீர்! வணக்கம்.

கப்பலின் வயிற்றுக்குள் குனிந்தும் குப்புறக் கிடந்தும், குளிரில் விரல் விறைத்தும், கொதிக்கும் தகட்டில் முழங்கால் பொசுங்கியும் நாற்பத்து மூன்று ஆண்டுகள் உழைத்து, இன்று ஓய்வு பெறுகிறீர்கள். முதுகு வலித்த நாள்களில் எங்களைத் திட்டித் தீர்த்தீர்கள். அதை மறைக்க இது இடமில்லை.

பட்டறைக்குப் புதிதாய் வருபவர், தேய்ந்த அரத்தைச் சிக்கிமுக்கிக் கல்லில் தட்டிப் பொறி விழவைத்தால் ஒரு ஸ்டைவர் தருவது நம் வழக்கம். பழைய ஐந்து சென்ட் வெண்கலக் காசு அது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இந்நாட்டை ஆண்ட பர்கண்டிப் பிரபுக்களின் ஸ்டைவர் நாணயத்தில் தீத்தட்டும் இரும்பும் சிதறும் பொறிகளும் இருந்தன. பொறி பறப்பதிலிருந்தே காசுக்குப் பெயர் வந்தது என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லித்தான் கொடுத்தீர்கள். இல்லை, வெட்டுண்ட மொட்டைத் துண்டு என்பதே அதன் பொருள் என்று புத்தகத்தோடு வந்து வாதாடினார் நம் வூட்டர்.

"இருக்கும்ப்பா, யாரு கண்டா? நீ மொதல்ல தட்டு. பொறி விழுந்தா என் கதை, விழலேன்னா உன் கதை" என்றீர்கள்.

விரல்முட்டி தோலுரியத் தட்டிய வூட்டர், மதியச் சாப்பாட்டுக்குள் உங்கள் கதைக்கே வந்து சேர்ந்தார்.

நெதர்லாந்தின் பழைய பணமான கில்டர் போய் யூரோ வந்தது. ஸ்டைவரை வங்கியும் வாங்காத காலம் வந்தது. அப்போதும் வீட்டு இழுப்பறைகளைக் குடைந்து கொண்டுவந்து கொடுத்தீர்கள். பட்டறையில் உடை மாற்றும் அறுபத்து மூன்று பேரின் அலமாரிக் கதவில் பதக்கம்போல் ஏறியது அந்தக் காசு. உங்கள் கதவில் மட்டும் இல்லை.

காரணம் அறிவோம். 1981இல் இப்பட்டறையின் முதல் பெண்ணாக நீங்கள் வந்தபோது, அன்றைய மேஸ்திரி ஆரென்ட் கல்லைக் கையில் தரவேயில்லை. "மொதல்ல ஒரு வாரம் தாக்குப்பிடி பாப்பா, அப்புறம் பாக்கலாம்" என்றாராம். வாரம் போனது, வருடங்கள் போயின, ஆரென்டும் ஓய்வு பெற்றுப் போக, காசு கொடுக்கும் பொறுப்பு உங்களிடமே வந்தது. நாங்கள் கேட்டபோதெல்லாம், "எனக்கு யாரு குடுக்கறது, நானேவா?" என்று சிரித்தபடி கையுறையை மாட்டிக்கொண்டீர்கள்.

நாங்கள் கொடுக்கிறோம், அம்மையீர்! ஏழு பழம்பொருள் சந்தைகளில் அலைந்து, 1981ஆம் ஆண்டின் ஸ்டைவர் ஒன்றைப் பிடித்து வந்திருக்கிறார் வூட்டர். ஆனால் சும்மா தருவதாக இல்லை. வழக்கம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆப்பிள் கேக்குக்குப் பக்கத்தில் அரமும் கல்லும் இருக்கின்றன. பொறி விழும்வரை யாருக்கும் காப்பி கிடையாது.

நோயின்றி, நோகும் அந்த முதுகுக்கு நல்லதொரு நாற்காலியோடு, நூறாண்டு கடந்தும் வாழ்க! இம்மடலைப் பதித்த மரச்சட்டத்தில், எங்கள் கையொப்பங்களுக்கு மேலே, காசளவு ஒரு குழியைக் காலியாக விட்டிருக்கிறோம்.

தட்டுங்கள், நீல்.

இங்ஙனம்,
உங்களிடம் திட்டும் ஸ்டைவரும் வாங்கிய
பற்றவைப்புப் பட்டறைத் தோழர்கள்