பன்னிரண்டு சட்டித் தயிர்

வெலிக்கா: மொதல்ல அந்த டப்பாவை மேசையை விட்டு எடு. ரொட்டி வைக்கிற எடம் அது.

ஸ்தாமென்: காலி டப்பாதான் அண்ணி.

வெலிக்கா: காலியா இருக்கிறதுதானே உனக்குக் கவலை... இன்னொரு தடவை சொல்லு. உன் பொண்டாட்டிக்கு என்னோட என்ன வேணுமாம்?

ஸ்தாமென்: எத்தன தடவை சொல்றது...

வெலிக்கா: காதுக்கு இனிப்பா இருக்கு, சொல்லு.

ஸ்தாமென்: மலம்.

வெலிக்கா: மேடம் ருமியானாவுக்கு. சுகாதார ஆய்வாளர் ருமியானாவுக்கு. என் வீட்டுக் கதவுப்பிடியத் தொட்டா கைக்குட்டையில தொடச்சுக்குவாளே, அவளுக்கு.

ஸ்தாமென்: அவ செத்துக்கிட்டிருக்கா அண்ணி.

வெலிக்கா: தெரியும். மதில் ஒண்ணுதானே நடுவுல. ஒரு நாளைக்கு இருபது தடவை கக்கூஸ் கதவு சாத்துற சத்தம் எனக்குக் கேக்காதா... எதனால வந்துச்சாம்?

ஸ்தாமென்: பல் வீங்குச்சுல்ல, அதுக்குக் குடுத்த மாத்திரை. வயித்துக்குள்ள கோடிக்கணக்குல கிருமி இருக்காம். முக்கால்வாசி நல்லதாம். மாத்திரை எல்லாத்தையும் கொன்னுருச்சு. கெட்டது ஒண்ணு மட்டும் தப்பிச்சு, காலி வீட்டுல குடியேறின மாதிரி...

வெலிக்கா: நல்ல கிருமியா? அவ வாயிலேருந்து அந்த வார்த்தைய நான் கேட்டதில்லையே. "கிருமிக் கூடு"ன்னுதானே என் தயிருக்குப் பேரு வச்சா? சந்தையில, அத்தன பேரு பாக்க, பன்னெண்டு சட்டியிலயும் பிளீச்சிங் தண்ணிய ஊத்தினாளே.

ஸ்தாமென்: பத்தொம்பது வருஷம் ஆச்சு.

வெலிக்கா: எனக்குப் பன்னெண்டு சட்டி ஆச்சு. சரி... தயிர்தான் நல்ல கிருமியாச்சே, நாலு கரண்டி குடுத்துப் பாக்க வேண்டியதுதானே?

ஸ்தாமென்: டாக்டர்ட்ட கேட்டேன். தயிர்ல இருக்கிறது ரெண்டு மூணு வகைதானாம். விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போயிருமாம். வயித்துல குடியிருக்கிறது நூத்துக்கணக்கான வகை. அது வேற ஒருத்தர் வயித்துலேருந்துதான் வரணுமாம். காய்ச்சின பாலு மாதிரி ஆயிருச்சு உங்க சம்சாரம் குடல், உறை ஊத்தணும்னாரு.

வெலிக்கா: அப்ப என் தயிரு விருந்தாளி. என்னோட அது மட்டும் சொந்தக்காரங்க.

ஸ்தாமென்: அண்ணி...

வெலிக்கா: நாப்பது வருஷமா இந்த மலையில நல்ல பேரு வாங்கினது தயிருக்குன்னு நெனச்சேன். எப்படி ஊத்துவாங்களாம்? வாய் வழியாவா?

ஸ்தாமென்: கீழ் வழியா. குழாய் வச்சு.

வெலிக்கா: பாவம். ருசி பாக்கக் கூடக் குடுத்து வைக்கல.

ஸ்தாமென்: மூணு தடவை திரும்பி வந்துருச்சு. இன்னொரு தடவை வந்தா குடலையே வெட்டி எடுக்கணுமாம். தாங்க மாட்டான்னும் சொல்லிட்டாரு. நான் குடுக்கலாம்னா எனக்குச் சக்கரை. என் பொண்ணு போன மாசம்தான் மாத்திரை சாப்பிட்டா. நீங்கதான் பொறந்ததுலேருந்து ஒரு மாத்திரை தொடாத ஆளு. ஊரே சொல்லுது.

வெலிக்கா: ஊரு நெறைய சொல்லும்... இன்னைக்கு என்ன நாளு?

ஸ்தாமென்: மே ஆறு. கெயோர்கி திருநாளு.

வெலிக்கா: கெயோர்கி திருநாளு அன்னைக்கு வீட்டுலேருந்து ஒரு பொட்டு உறை வெளிய குடுப்பனா நான்? குடுத்தா வீட்டுப் பால் வளமே கூடப் போயிருமே.

ஸ்தாமென்: அது தயிர் உறை.

வெலிக்கா: உன் டாக்டரே இதையும் உறைன்னுதானே சொன்னான். போ. அவளுக்கு வேணும்னா அவ வாயால கேக்கட்டும்.

ஸ்தாமென்: ஆஸ்பத்திரிக்குப் போன் போடட்டுமா?

வெலிக்கா: போடு. இன்னைக்கு நல்லது கேக்கணும்னு இருக்கு எனக்கு.

ஸ்தாமென்: ருமி... அண்ணி பக்கத்துலதான் இருக்காங்க. சத்தமா வச்சிருக்கேன்.

ருமியானா: படிவத்தை எடுத்துக்க. நான் கேக்குறேன், நீ எழுது. வயசு?

வெலிக்கா: சாகக் கெடக்கையிலயும் வணக்கம் கெடையாது இவளுக்கு. அம்பத்தெட்டு.

ருமியானா: வெளிநாடு போனதுண்டா?

வெலிக்கா: உன் வாசலைத் தாண்டிப் போனதே கெடையாது.

ருமியானா: வயித்துப் புண்ணு, ரத்தப்போக்கு, அடிக்கடி மலச்சிக்கல்?

வெலிக்கா: உன்னப் பாத்தா மட்டும்.

ருமியானா: கடந்த மூணு மாசத்துல கிருமி கொல்ற மாத்திரை ஏதாவது?

வெலிக்கா: நானா? மாத்திரையா?

ஸ்தாமென்: இல்லைன்னு போட்டுட்டேன் ருமி.

ருமியானா: அவங்க சொல்லட்டும்.

வெலிக்கா: அதை அடிச்சிரு ஸ்தாமென்.

ஸ்தாமென்: எதை?

வெலிக்கா: "இல்லை"யை. குளிர்காலத்துல நெஞ்சுச்சளி கட்டிருச்சு. மூச்சு விட முடியல. பக்கத்து ஊருல பஸ்ஸு மாறிப் போயி... மருந்துக்கடையில முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டு வாங்கினேன். பத்து நாளு முழுங்கினேன். சந்தோஷமா? இனி என்னோடதும் உதவாது. வேற ஆளைப் பாருங்க.

ருமியானா: எப்ப முடிஞ்சுது?

வெலிக்கா: பிப்ரவரின்னு ஞாபகம். தேதி தெரியல.

ருமியானா: எனக்குத் தெரியும். நீங்க எருக்குழியில பொதச்ச மாத்திரை அட்டையை என் கோழி கெளறி எடுத்துச்சு. பிப்ரவரி அஞ்சாந்தேதி. அட்டையில ஒண்ணும் மிச்சமில்ல. நேத்தோட மூணு மாசம் முடிஞ்சு போச்சு.

ஸ்தாமென்: தெரிஞ்சுமா என்னை அனுப்பின?

ருமியானா: தெரிஞ்சதாலதான் இன்னைக்கு அனுப்பினேன். நாளை எண்ணிக்கிட்டு இந்தக் கட்டில்ல கெடந்தேன். இவங்க பொய் சொல்லியிருந்தா டப்பாவைத் திருப்பி எடுத்துட்டு வரச் சொல்லியிருப்பேன்.

வெலிக்கா: மூணு மாசமா வாயில வச்சுக்கிட்டு ஊருல யாருகிட்டயும் சொல்லலையா நீ?

ருமியானா: சொல்றதுக்கு எனக்கு வாயில்ல.

வெலிக்கா: உனக்கா?

ருமியானா: கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி கேட்டுக்குங்க. அன்னைக்கு உங்க தயிர்ல ஒரு கரண்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தேன். பிளீச்சிங் ஊத்தி எட்டு நாளு கழிச்சு அறிக்கை வந்துச்சு. கெட்டது ஒண்ணு கூட இல்லைன்னு இருந்துச்சு. வெளிய தெரிஞ்சா வேலை போயிரும்... அடுப்புல போட்டுட்டேன்.

ஸ்தாமென்: ருமி, இதை இப்பதான் சொல்லணுமா? கையெழுத்து இன்னும் வாங்கல...

ருமியானா: அவங்க "இல்லை"யை அடிக்கச் சொல்லி நெசத்தைச் சொல்லலையா?

வெலிக்கா: பத்தொம்பது வருஷம். சந்தைக்குப் போறப்பல்லாம் அந்தப் பிளீச்சிங் வாடை என் மூக்குல இருந்துச்சு. என் கையிலதான் அழுக்கோன்னு நானே மோந்து பாத்திருக்கேன்.

ருமியானா: தெரியும். மதில் ஒண்ணுதானே.

வெலிக்கா: பொழச்சு வா. சந்தையில, அதே எடத்துல, அந்த அறிக்கையை உன் வாயால படிக்கணும்.

ருமியானா: எரிச்சுட்டேன்னு சொன்னேனே.

வெலிக்கா: மனப்பாடமா இருக்கும் உனக்கு.

ருமியானா: ...இருக்கு.

வெலிக்கா: பேனாவைக் குடு ஸ்தாமென். அந்த டப்பாவையும் இப்படிக் குடு. குடுத்துட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் போய் நில்லு... நீ இப்படிக் கண்ணைத் தொடச்சுக்கிட்டு வாசல்ல நின்னா எனக்கு எப்படி வரும்?