அட்டையில் ஒரு பூட்டு

திருப்பூரிலிருந்து அவிநாசி போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர். ஜன்னலோரம் இருந்தவரின் விரல்களில் பசை காய்ந்து உரிந்துகொண்டிருந்தது. அவர்தான் சொன்னார்:

"அந்தப் பூட்ட மட்டும் ஒட்டாம உட்டிருந்தா இன்னிக்கும் வேலையில இருந்திருப்பனுங்க."

"என்ன பூட்டுங்க?"

"பனியன் கம்பெனியில, துணி வெட்டற கட்டிங் செக்‌ஷன்ல வீணாப் போற அட்டைய ஊட்டுக்குக் கொண்டாந்து கோயிலு, தேருன்னு செய்வனுங்க. மொதலாளி பாத்துட்டு, நம்ம கம்பெனியவே செஞ்சு குடுன்னாரு. மூணு மாசம், ஞாயித்துக்கெழம பூரா அதேதான். ஃபேனு, மெஷினு, ஜன்னலு ஒண்ணு உடல. தீப்புடிச்சா ஓடறதுக்குப் பின்னால ஒரு கதவு இருக்குதில்லீங்க?"

"அது எப்பவும் பூட்டித்தான கெடக்கும்?"

"அப்படியேதானுங்க செஞ்சேன். அரிசியாட்டம் ஒரு பூட்டு. ஆபீஸ்ல கண்ணாடிப் பொட்டியில வெச்சாங்க. சரக்கு வாங்கற வெளிநாட்டு பையர் வந்தன்னிக்கு நெசக் கதவத் தெறந்து வெச்சு, கோலமே போட்டிருந்தாங்க. அந்தாளு பொட்டிகிட்டக் குனிஞ்சு, பூட்டக் காட்டி இது என்னன்னு கேட்டுட்டான்."

"அப்புறங்க?"

"மறுநா என்னைய வர வேண்டாம்னுட்டாங்க."

பக்கத்தில் இருந்தவர் கேட்டார்: "பூட்ட எடுத்துட்டாங்களாங்க?"

"அட்டையில இருந்ததப் பிச்செடுத்துட்டாங்க. கதவுல இருக்கறது அப்படியேதான் தொங்குதாம், ஊட்டுக்காரி சொல்றா. அவ மெஷினு அந்தக் கதவோரந்தானுங்க."