மோர் நிறத்து எண்ணெய்

தென்காசியிலிருந்து ராயகிரி போகும் பேருந்து. முன் சீட்டிலிருந்த பெண் திடீரென்று குரலை உயர்த்தினாள்.

"கைய தூக்க முடியலன்னா ஆளையே வித்துருவாவளா, தம்பி?"

பக்கத்தில் இருந்தவர் அவளுடைய கொழுந்தன் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"டிராக்டரு ஆளா மதினி? ஹைட்ராலிக் பம்பு போச்சு. கலப்பைய தூக்க மாட்டேங்குது. அண்ணனும் இல்ல. இனி யாரு ஓட்டுவா? கேக்குத ஆளுக்குக் குடுத்துருவோம்."

"பம்பு போச்சுன்னு யாரு சொன்னா?"

"வாங்க வந்த ஆளுதான் பாத்துட்டுச் சொன்னாரு."

"வாங்க வந்த ஆளு நல்லா இருக்குன்னா சொல்லுவாரு? நேத்து எண்ணெய எறக்கிப் பாத்தேன். மோரு கணக்கா வெளுத்துக் கெடக்கு. மழையில நின்னு தண்ணி எறங்கிருக்கு. பில்டரு பூரா சேறு. அதான் தூக்க மாட்டேங்குது."

"நீங்களா கழட்டுனீய?"

"ஒங்கண்ணன் படுத்த படுக்கையா கெடந்தப்ப வேற யாரு கழட்டுனா? நீ வந்து பாத்தியா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வளைவில் சரிந்த எண்ணெய் கேனை அவள் காலால் அணைத்துப் பிடித்தாள். மடியில் புது பில்டர் இருந்தது.

"இதையும் மாத்திப் பாத்துத் தூக்கலன்னா?" என்றார் அவர்.

"பம்பையும் கழட்டுவேன்."

"நாளைக்கு அவரு அட்வான்ஸோட வாராரே மதினி. நான் என்ன சொல்ல?"

"வயல்ல உழுதுக்கிட்டு நிப்பேன். தைரியம் இருந்தா அங்கன வந்து எங்கிட்ட கேக்கச் சொல்லு."