இவ்ளோ நல்ல வண்டிய ஏன் விக்கிறீங்க?

முனிசாமி: ஒம்போது வருச வண்டின்னா நம்பவே முடியலியே சார். சீட்டுல ஒரு கறை இல்ல, எஞ்சின்ல ஒரு சத்தமில்ல...

உமாபதி: கல்யாணப் பட்டு மாதிரி வச்சிருந்தேண்ணே. ஒரு சர்வீசு தவறல. இந்த சர்வீசு புக்குல பொடி எழுத்துல போட்ருக்குற தேதியப் பாருங்க...

முனிசாமி: எல்லாத் தேதியும் நீங்களே படிச்சுக் காட்டிட்டீங்க. என் பையன் யுவனுக்கு ஏத்த எஸ்யூவிதான். ஆனா ஒண்ணு... இவ்ளோ நல்ல வண்டிய ஏன் விக்கிறீங்க?

உமாபதி: பிள்ளையார்பாளையத்து சந்துல இத்தாம்பெரிய வண்டிய எங்கண்ணே நிறுத்துறது?

முனிசாமி: ஒம்போது வருசமா எங்க நிறுத்துனீங்க?

உமாபதி: அது... ஏ மங்கை! அண்ணனுக்கு காபி எடுத்துக்கினு வாயேன்!

மங்கையர்க்கரசி: தோ வந்துட்டேன். எடுத்துக்கங்கண்ணே. தாமல்லருந்து பஸ்ஸுலியா வந்தீங்க?

முனிசாமி: ஆமாம்மா. புடிச்சிருந்தா இதுலியே திரும்பலாம்னு. ஏம்மா, வண்டிய ஏன் குடுக்குறீங்க?

மங்கையர்க்கரசி: பசங்க ரெண்டும் வெளியூர் போயிட்டாங்க. ஏழு சீட்டுல நாங்க ரெண்டு பேரு என்னாத்துக்கு...

முனிசாமி: அவரு எடமில்லன்றாரு. நீங்க ஆளில்லன்றீங்க.

உமாபதி: ரெண்டுந்தாண்ணே!

முனிசாமி: இருங்க, கீழ ஒருவாட்டி குனிஞ்சு பாத்துடுறேன்... சார்.

உமாபதி: என்னாண்ணே?

முனிசாமி: முன் சக்கரத்துக்கு உள்பக்கம்... செவப்பா... சார், ரத்தமா இது?

மங்கையர்க்கரசி: ஐயையோ!

முனிசாமி: ஆள் மேல ஏத்துன வண்டியா? அத எங்க வாசல்ல கொண்டாந்து நிறுத்த மாட்டேன் சார். நான் கெளம்புறேன்.

உமாபதி: அண்ணே, அண்ணே! தொட்டுப் பாருங்க. நூலுண்ணே! அரக்கு கலர் பட்டு நூலு!

முனிசாமி: நூலா?... அட, ஆமா. நல்லா சுத்திக்கினு இருக்குது. இங்க எப்டி வந்துச்சு?

உமாபதி: ...பாவு மேல ஏத்திட்டேன்.

முனிசாமி: பாவு மேலியா!

உமாபதி: காலைல தறிக்குப் போற நூலத் தெரு நீளத்துக்கும் இழுத்துக் கட்டி வச்சிருந்தாரு, நாலாவது வூட்டு நமச்சிவாயம். மூணு பொடவைக்கான நூலு. அத்தனையும் அறுந்துட்டுது. ஆறு நாளு உக்காந்து இழை இழையா பிணைச்சுக் குடுத்தேன்.

முனிசாமி: நீங்க நெசவுக்காரரு. பொறந்ததுலருந்து இந்தத் தெருவு. பாவு கண்ணுக்குத் தெரியலியா?

உமாபதி: கண்ணு கொஞ்சம் மங்கலு...

முனிசாமி: கண்ணாடி இல்லாம அந்தப் பொடி எழுத்தையெல்லாம் யாரு படிச்சாங்க? இன்னும் என்னமோ மறைக்கிறீங்க. வேணாம் சார், நான் வர்றேன்.

மங்கையர்க்கரசி: நில்லுங்கண்ணே. ஓட்னது நானு.

உமாபதி: மங்கை!

மங்கையர்க்கரசி: நீங்க சும்மா இருங்க. நாலு மாசமா யாருக்கும் சொல்லாம வச்சிருக்கேன். கார் கத்துக்கினு இருந்தேண்ணே. பாவப் பாத்ததும் பதறிட்டேன். முப்பது வருசமா தறி மிதிச்ச காலு... பிரேக்கு எதுன்னே தெரியல, எடது, வலதுன்னு மாத்தி மாத்தி மிதிச்சிட்டேன்.

முனிசாமி: அப்ப இவரு?

மங்கையர்க்கரசி: பக்கத்து சீட்டுல இருந்தாரு. ஜனங்க வெளிய வர்றதுக்குள்ள என்னைத் தள்ளிட்டு ஸ்டீரிங்கு பக்கம் உக்காந்துக்கினாரு. நமச்சிவாயம் திட்டுன திட்டெல்லாம் இவருக்கு. நெசவுக்காரனே பாவு மேல ஏத்துனான்னு டீக்கடையில இன்னிக்கும் சிரிக்கிறாங்க. வண்டியப் பாத்தாலே எனக்கு அறுந்த பாவுதான் ஞாபகம் வருது. அதான் விக்கிறோம்.

உமாபதி: சொல்லிட்டியா...

மங்கையர்க்கரசி: சொல்லிட்டேன். அப்பாடா!

உமாபதி: ...எனக்கும் அப்பாடான்னுதான் இருக்குது. ஏண்ணே சிரிக்கிறீங்க? வண்டி வேணாமா?

முனிசாமி: வேணும், வேணும்! சாவியக் குடுங்க.

மங்கையர்க்கரசி: உங்க யுவன மட்டும் பாத்து ஓட்டச் சொல்லுங்கண்ணே. சந்துக்குள்ள அவசரப்படக் கூடாது.

முனிசாமி: யுவனுக்கு இல்லம்மா... என் சம்சாரம் பூவம்மாளுக்கு. போன மாசம் பழைய வண்டிய நேரா தாமல் ஏரிக்குள்ள எறக்கிட்டா. ஊர்ல கேட்டுப் பாருங்க, நான்தான் எறக்குனேன்னு சொல்லுவாங்க!