மூலைக் கடையில் ஆள் இருக்கிறார்

நான் இதுவரை எந்தக் கடையையும் பொய் சொல்லி வாடகைக்கு விட்டதில்லை. கடல் தெரியும் என்று சொன்னால் தெரியும். காற்று வரும் என்று சொன்னால், மேஜைமேல் இருக்கிற ரசீதெல்லாம் பறக்கிற அளவுக்கு வரும். கூட்டம் வரும் என்றும் சொன்னேன். அது மட்டும் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. நீங்கள் கேட்பது அந்தத் தாமதத்தில் நடந்ததைப் பற்றி. சொல்கிறேன், ஐயா. ஒரு குவளை தண்ணீர் மட்டும் வைக்கச் சொல்லுங்கள்; பேசியே பிழைத்த தொண்டை, சீக்கிரம் வறண்டுவிடுகிறது.

புதிதாகக் கட்டிய கடல்முகப்பு வளாகத்தில் கடைகளுக்கு ஆள் பிடிப்பதுதான் என் வேலை. பழைய துறைமுகக் கிடங்குகளை இடித்துவிட்டு, நடுவில் ஒரு நடைபாதைத் தெரு, இருபுறமும் கண்ணாடிக் கடைகள், தெருக்கோடியில் கடல் என்று அழகாகத்தான் கட்டியிருந்தார்கள். ஆனால் காலிக் கடை என்பது முன்பல் விழுந்த வாய் மாதிரி. மற்ற பல்லெல்லாம் முத்தாக இருந்தாலும் பார்க்கிறவன் கண் ஓட்டைக்குத்தான் போகும். அதனால் காலிக் கடைகளின் கண்ணாடிமேல் பெரிய பெரிய படங்களை ஒட்டினேன். பை நிறைய சாமான் வாங்கிக்கொண்டு சிரிக்கிற பெண். கீழே ‘மிக விரைவில்’. உப்புக்காற்றிலும் வெயிலிலும் அந்தப் பெண்ணின் கன்னம் வெளுத்து, சேலைக் கரை வெளுத்து, கடைசியில் பல் மட்டும் மிச்சம் இருந்தது. அவள் சிரிப்பதை நிறுத்தவில்லை. நானும் நிறுத்தவில்லை.

எல்லாம் ‘பெரிய கடை’யை நம்பித்தான் இருந்தது. தெருக்கோடியில் நான்கு மாடிக்கு வரப்போகிற கடை அது. துணி, பாத்திரம், பொம்மை எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ். அது வந்தால்தான் கூட்டம் வரும் என்று மற்ற கடைக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். மற்ற கடைகள் குறைந்தது இத்தனை திறந்திருந்தால்தான் வருவோம் என்று பெரிய கடைக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நிற்கிற இரண்டு குடிகாரர்களைப் பார்த்திருப்பீர்களே, அப்படி. அவர்கள் கேட்ட எண்ணிக்கையில் நாங்கள் துல்லியமாக நின்றோம். ஒரு கடை குறைந்தால் அவர்கள் வர மாட்டார்கள். அவர்கள் வராவிட்டால் மற்றவர்கள் இருக்க மாட்டார்கள். எத்தனை குடும்பங்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கடை திறந்திருப்பது என்றால் என்ன என்பதையும் ஒப்பந்தத்தில் விளக்கமாக எழுதியிருந்தார்கள். ஷட்டர் மேலே ஏறியிருக்க வேண்டும். விளக்கு எரிய வேண்டும். உள்ளே ஓர் ஆள் இருக்க வேண்டும். அந்த ஆள் என்ன செய்துகொண்டிருக்க வேண்டும் என்று எழுதவில்லை. இதை நான் முதலில் கவனிக்கவில்லை.

மூலைக் கடை என் மாப்பிள்ளையுடையது. என் தங்கையின் கணவர். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மெத்தைக் கடை வைத்திருந்தார். இடம் சின்னது, சத்தம், புகை, ஆனால் வியாபாரம் நடந்தது. நான்தான் அவரை அங்கிருந்து கிளப்பினேன். சொந்தக்காரன் ஒருவன் கடை போட்டால் மற்றவர்களுக்கு நம்பிக்கை வரும் என்று வளாகத்து முதலாளியிடம் சொல்லியிருந்தேன். தங்கச்சி மட்டும் கொஞ்சம் இழுத்தாள்.

“இருக்கிறத விட்டுட்டுப் பறக்கிறதுக்கு ஆசப்படுறமோன்னு பயமா இருக்கு அண்ணே. ஆனா நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாள்.

நான் அவளை ஏமாற்றவில்லை. பெரிய கடையின் வாசலுக்கு நேர் எதிரே இருக்கிற மூலையை மாப்பிள்ளைக்காக எடுத்து வைத்திருந்தேன். அதற்கு எத்தனை பேர் என் காலைப் பிடித்தார்கள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒருவரும் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம், பிடித்திருப்பார்கள்.

பெரிய கடை இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனது. மாப்பிள்ளை கடையில் ஈ ஓட்டினார். “ஓட்டுறதுக்கு ஈகூட வர மாட்டேங்குது மச்சான், காத்து அதையும் அள்ளிட்டுப் போயிடுது” என்று அவரே சொல்லிச் சிரிப்பார். சாப்பிட்டு முடித்ததும், செருப்பை ஜோடியாகக் கட்டிலுக்குக் கீழே விட்டுவிட்டு, கண்ணாடியோரம் காட்சிக்குப் போட்டிருந்த மெத்தையில் படுத்து, கழுத்துவரை போர்வையை இழுத்துக்கொள்வார். பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்று பழமொழி சொன்னவன் நிச்சயமாக மெத்தைக் கடை வைத்திருக்க மாட்டான். வீட்டில் அவருக்குத் தூக்கமே இல்லை, கூடத்தில் உலாத்திக்கொண்டே இருக்கிறார் என்று தங்கச்சி சொல்லுவாள். கடையில் மட்டும் தூங்கினார். அந்தப் பக்கம் போகிற காவலாளி, செருப்புக் கடைக்காரர், யாராவது வழி தவறி வந்தவர் என்று எல்லோரும் நின்று பார்த்துப் புன்னகைத்துவிட்டுப் போவார்கள். நான் தடுக்கவில்லை. காசில்லாத விளம்பரம்தானே.

பெரிய கடையின் திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் இருந்தது. மறுநாள் அவர்களுடைய அதிகாரி வந்து தெருவைப் பார்வையிடுவதாக ஏற்பாடு. மத்தியானம் மூலைக் கடைக்குப் போனேன். மாப்பிள்ளை தலையணைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன மாப்ள இது?”

“காலையில லாரி வருது மச்சான். பழைய கடைக்காரரு பாதி இடம் தர்றேன்னுட்டாரு. நாளைக்கே வந்தாத்தான்னு சொல்றாரு. விட்டா வேற ஆளுக்குப் போயிடும்.”

“ரெண்டே ரெண்டு நாளு. வெண்ண தெரண்டு வர்ற நேரத்துல தாழிய ஒடைக்கலாமா?”

“எந்த வெண்ண மச்சான்? மோரே இல்லையே இங்க.”

கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும். நான் யாரிடமும் கெஞ்சியவன் இல்லை. அவர் பெட்டியை மூடிவிட்டு என் தோளில் கை வைத்தார்.

“நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க. உங்க மேல எனக்குக் கோவமே கெடையாது. ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தக் கடைக்குள்ள நான் செத்துக் கெடந்தாக்கூட ஒருத்தனுக்கும் தெரியாது.”

சிரித்துக்கொண்டே சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பேன். ஒவ்வொரு கடையாகப் பேசிப் பேசியே நான் நிரப்பிய தெரு அது. எனக்குச் சுருக்கென்று தைத்தது. அதை உங்களிடம் மறைக்கவில்லை.

“கொஞ்சம் கண்ணசந்துக்கிறேன் மச்சான். எந்திரிச்சதும் எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க” என்று சொல்லிவிட்டு வழக்கம்போலப் படுத்தார். பாதி மூட்டை கட்டிய கடையில்கூட செருப்பை ஜோடியாகத்தான் விட்டார். அதற்குப் பிறகு அவர் எழுந்திருக்கவில்லை.

அடைத்த தலையணைகளை எடுத்து மறுபடி அடுக்கினேன். பெட்டிகளை மடித்து உள்ளே வைத்தேன். அவர் முகத்தை மெதுவாகச் சுவர்ப்பக்கம் திருப்பி, போர்வையைச் சரிசெய்து, ஏசியை முடிந்த மட்டும் குறைத்து வைத்தேன். அவர் போனிலிருந்து லாரிக்காரருக்கு வர வேண்டாம் என்று செய்தி அனுப்பினேன். தங்கச்சியிடம் நானே பேசினேன். மாப்பிள்ளை மனசு மாறிவிட்டார், திறப்பு விழா முடிகிறவரை கடையிலேயே தங்கி வேலை பார்க்கப் போகிறார், போன்கூட எடுக்க மாட்டார் என்றேன்.

“நீ சொன்னாத்தான் அண்ணே அவரு கேக்குறாரு” என்றாள். குரலில் அவ்வளவு நிம்மதி.

மாற்றுச் சாவி அலுவலகத்தில் இருந்தது. சாயங்காலம் நானே ஷட்டரை இறக்கினேன், காலையில் நானே ஏற்றினேன். கதவில் சின்னதாக ஒரு பலகை தொங்கவிட்டேன்: ‘மெத்தை பரிசோதனை நடக்கிறது. எழுப்ப வேண்டாம்.’

பெரிய கடையின் அதிகாரி அம்மா, கையில் எண்ணும் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு கடை கடையாக வந்தார். விளக்கைப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார், ஒரு அமுக்கு அமுக்குவார். மூலைக் கடைக்கு வந்ததும் பலகையைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

“இது யாரோட யோசன?”

“என்னோடதுதாங்க மேடம்.”

“ரொம்ப இயல்பா இருக்கு. மத்த கடைக்காரங்கல்லாம் என்னப் பாத்ததும் வெறப்பா நிக்கிறாங்க.”

அமுக்கினார். எண்ணிக்கை சரியாக வந்தது. இத்தனை வருஷத்தில் இந்தத் தொழிலில் என்னை ஒருவர் மனம்விட்டுப் பாராட்டியது அன்றைக்குத்தான்.

திறப்பு விழாவன்று ரிப்பன் வெட்டினார்கள், பாட்டுப் போட்டார்கள். ஜனம் வந்தது. பெரிய கடைக்குள் போனது, பெரிய கடைக்குள்ளிருந்து வெளியே வந்தது, அப்படியே வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனது. பழக நாளாகும். தங்கச்சி காலையிலேயே வந்துவிட்டாள். விழாவுக்குப் போட்டுக்கொள்ளட்டும் என்று மாப்பிள்ளைக்கு ஒரு புதுச் சட்டையைத் தேய்த்து, பையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அவரையே பார்த்தாள். நான் பக்கத்தில் நின்றேன்.

“எழுப்பட்டுமா?” என்று கேட்டேன். கேட்காமல் இருந்தால் நன்றாக இருக்காது.

“வேண்டாம் அண்ணே. வீட்டுல பொட்டுத் தூக்கம் கெடையாது அவருக்கு. நல்லாத் தூங்கட்டும். இவரு இப்படித் தூங்கிப் பாத்து எத்தன மாசமாச்சு.”

பையைக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போனாள். போகும்போது கண்ணாடியை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீங்கள் நினைக்கிற மாதிரி நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, ஐயா.

மத்தியானத்துக்கு மேல்தான் வேறொரு அம்மா வந்தார். தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறவராம். நான் தெருவின் எதிர்ப்புறம் முதலாளியோடு நின்றேன். அவர் மூலைக் கடையின் கதவைத் தள்ளுவதைப் பார்த்து ஓடினேன்.

“கடக்காரர் நீங்களா சார்? நேத்தும் இந்த வழியாப் போனேன், இன்னைக்கும் பாக்குறேன். மனுசன் பொரண்டுகூடப் படுக்கல. நான் மாத்திரை போட்டும் தூங்காதவ. எனக்கு அந்த மெத்ததான் வேணும்.”

“அது காட்சிக்கு வெச்சதும்மா. அதே மாதிரி வேற ஒண்ணு வீட்டுக்கே அனுப்பிடுறேன்.”

“மாதிரியெல்லாம் வேண்டாம். அதேதான் வேணும். அவருகிட்டயே கேட்டுக்கிறேன்.”

போர்வைமேல் உட்கார்ந்திருந்த ஒரு ஈயை ஓட்டிவிட்டு, மரியாதையாக மாப்பிள்ளையின் தோளைத் தட்டினார். இரண்டாவது தடவை கொஞ்சம் அழுத்தித் தட்டினார். அதற்கு மேல் நடந்தது உங்களுக்குத் தெரியும். எனக்கு ஒரு வருத்தம்தான். அந்தக் கடைக்கு வந்த முதல் வாடிக்கையாளர் அவர். பேரம்கூடப் பேசாமல் வாங்கத் தயாராக வந்தவர். அதைப் பார்க்க மாப்பிள்ளைக்குக் கொடுத்து வைக்கவில்லை.

தலையணையைப் பற்றிக் கேட்டீர்கள். அடுக்கில் மேலிருந்து இரண்டாவது. இருந்ததிலேயே மிருதுவானது அதுதான், தேடித்தான் எடுத்தேன். நான் அவசரப்படவில்லை. பட்டப்பகல், மூன்று பக்கமும் கண்ணாடி, விளக்கெல்லாம் எரிகிறது. தலையணையைக் கையில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றேன். யாராவது ஒருவர், சும்மா வேடிக்கை பார்க்கக்கூட, அந்தக் கண்ணாடியோரம் வந்திருந்தால் போதும். மாப்பிள்ளை சொன்னது தப்பென்று ஆகியிருக்கும், என் மனசும் ஆறியிருக்கும், தலையணையை வைத்துவிட்டு அலுவலகத்துக்குப் போயிருப்பேன். ரொம்ப நேரம் பார்த்தேன். பிறகு அவர் முகத்தில் வைத்து அமுக்கினேன். ஒருமுறை என் மணிக்கட்டைப் பிடித்தார். வலிக்கிற மாதிரி பிடிக்கவில்லை. முடிந்ததும் தலையணையைத் தட்டிச் சரிசெய்து அடுக்கிலேயே வைத்துவிட்டேன். விற்கிற சரக்கு, கசங்கியிருந்தால் நன்றாக இருக்காது.

ஆமாம், நான்தான் கொன்றேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். தங்கச்சி என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். கோபம் ஆறட்டும். கண்ணாடி வழியாக அவள் பார்த்த அந்தத் தூக்கத்தை நினைத்துப் பார்த்தால் அவளுக்கே புரியும்.

வெளியே நிற்கிற உங்கள் காவலர்தான் சொன்னார், இப்போதெல்லாம் சாயங்காலம் மூலைக் கடைமுன்னால் நிற்க இடமில்லையாம், கயிறு கட்டி வரிசையில் விடுகிறார்களாம். கூட்டம் வரும் என்று நான் ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். செத்துக் கிடந்தால்கூட ஒருத்தனுக்கும் தெரியாது என்றாரே, இரண்டே நாளில் தெரிந்துவிட்டதே, ஐயா. மாப்பிள்ளைக்கு எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்லித்தான் பழக்கம்.